பயாஸ்ல விரேம் ஏத்தறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லாப்டாப்ல கேம் ஆடலாம்னு உக்காந்தா முதல்ல கண்ணுல படறது அந்த 128 எம்பிங்கற நம்பர்தான். டிஸ்ப்ளே அடாப்டர் ப்ராப்பர்டீஸ திறந்து பாத்தா இன்டெல்ல பெரும்பாலும் டெடிகேட்டட் வீடியோ மெமரி 128 எம்பி, ஏஎம்டில நிறைய மாடல்ல 512 எம்பி, ஆட நெனைக்கற கேமோ 2 ஜிபி வேணும் 4 ஜிபி வேணும்னு கேக்குது, அவ்ளோதான், அடுத்த நிமிஷமே யூடியூப்ல விரேம், அதாவது இந்த வீடியோ மெமரி, ஏத்தறது எப்படின்னு தேட ஆரம்பிச்சிடறாங்க. என் சித்தி மகனும் அப்படித்தான் வந்தான். எஸ்பிஎம் பரீட்சை முடிச்சிட்டு போலிடெக்னிக் போறதுக்காக சித்தி வாங்கிக் குடுத்த லாப்டாப், ரைசன் 5 5500யூ, 8 ஜிபி ரேம். "அக்கா, பயாஸ்ல போயி 2 ஜிபி ஆக்கிட்டா ஜிடிஏ ஸ்மூத்தா ஓடுமாம்லா, செஞ்சி குடுங்கக்கா"ன்னான். அவனுக்கு உக்கார வச்சி சொன்னத இன்னும் கொஞ்சம் விவரமா இங்க எழுதறேன், ஏன்னா இங்க பினாங்குல பட்டர்வொர்த்துல இருந்து பாலேக் பூலாவ் வரைக்கும் நம்ம பிள்ளைங்க நெறைய பேரு கையில இருக்கறது இந்த மாதிரி லாப்டாப்தான், அவங்களுக்கு தப்பான விஷயம் போயி சேரக்கூடாது.

மொதல்ல அந்த 128 எம்பி, 512 எம்பிங்கறது உங்க லாப்டாப்போட எல்லை இல்ல. இத நல்லா மனசுல ஏத்திக்கணும். ஐஜிபியு, அதாவது ப்ராசசர் சிப்புக்குள்ளயே இருக்கற கிராபிக்ஸ், அதுக்குன்னு தனியா மெமரி சிப் எதுவும் கெடையாது, மதர்போர்டுல இருக்கற அதே ரேமதான் சிபியுவும் ஐஜிபியுவும் பங்கு போட்டுக்குதுங்க. பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னாடியே ஓடற போர்டோட சாஃப்ட்வேர், ஒரு சின்ன பங்க லாப்டாப் ஆன் ஆகும்போதே விண்டோஸுக்கு காட்டாம ஒதுக்கி வச்சிடும், அதுதான் டெடிகேட்டட்னு தெரியறது. அதுக்கு மேல வேணும்னா விண்டோஸ் மிச்சம் இருக்கற ரேம்ல பாதி வரைக்கும் ஐஜிபியு எடுத்துக்க விடும், அதுதான் ஷேர்ட். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல ஜிபியுவ அமுக்கினா ரெண்டு நம்பரும் தனித்தனியா தெரியும், மெமரி பக்கத்துல ஹார்ட்வேர் ரிசர்வ்டுன்னு கீழ ஒரு மூலையில இருக்கும் பாருங்க, அதுதான் பயாஸ் புடிச்சி வச்ச பங்கு.

ரெண்டும் ஒரே ரேம் சிப்புலதான் இருக்கு. டெடிகேட்டட்னு பேரு வச்சதால அது வேகமா ஆயிடாது. தனி கார்டுல கத வேற, அங்க விரேம் தீந்து போயி ஷேர்டுக்கு வந்தா கேம் அப்படியே நொண்டும், ஏன்னா கார்டையும் போர்டையும் இணைக்கற பிசிஐஇ வழியா மெயின் ரேமுக்கு போயிட்டு வரணும். அந்த அனுபவத்த வச்சிதான் ஐஜிபியுலயும் ஷேர்டுன்னா ஸ்லோ, டெடிகேட்டட்னா ஃபாஸ்ட்டுன்னு நெறைய பேரு நம்பிடறாங்க.

இப்ப கணக்கு போட்டு பாக்கலாம். 8 ஜிபி ரேம், பயாஸ்ல 512 எம்பி ஒதுக்கியிருக்கு. மிச்சம் 7.5, அதுல பாதி 3.75, ஆக ஐஜிபியு தொடக்கூடியது எல்லாம் சேத்து சுமார் 4.25 ஜிபி. இப்ப பயாஸ்ல 2 ஜிபி ஆக்கிட்டோம்னு வைங்க. மிச்சம் 6, பாதி 3, மொத்தம் 5 ஜிபி. ஐஜிபியுக்கு கெடச்சது முக்கா ஜிபிதான் கூட, ஆனா விண்டோஸ் கையில இருந்து போனது ஒன்றரை ஜிபி. அந்த ஒன்றரை ஜிபி கேம் ஆடினாலும் ஆடாட்டியும் போனது போனதுதான், அசைன்மென்ட் எழுதும்போதும் திரும்பி வராது. ஷேர்ட் அப்படி இல்ல, தேவைப்படும்போது எடுத்துக்கும், கேம மூடினா திருப்பி குடுத்துடும்.

8 ஜிபி லாப்டாப்ல விண்டோஸ் 11, கூடவே ப்ரௌசர், டிஸ்கார்ட், ஆன்டிவைரஸ் எல்லாம் ஓடும்போது ஏற்கனவே ரேம் நெருக்கடிதான். அதுல இன்னும் ஒன்றரை ஜிபிய புடுங்கினா விண்டோஸ் ரேமுக்கு பதிலா எஸ்எஸ்டில பேஜ் ஃபைலுங்கற இடத்துக்கு எழுத ஆரம்பிச்சிடும், அப்பதான் கேம் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே திடீர் திடீர்னு அரை செகண்ட் நின்னு நின்னு போகும். சராசரி எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் வருதுங்கற கணக்கு, பாத்தா மாறியிருக்காது, ஆனா ஆடறவனுக்கு எரிச்சலா இருக்கும். ஏத்தினதுக்கு அப்பறம் மோசமாயிடுச்சின்னு புலம்பறவங்க சொல்றது பெரும்பாலும் இதுதான்.

இந்த யோசனை 8 ஜிபி லாப்டாப்புக்கு எங்க இருந்து வந்துச்சின்னு பாத்தா, ஸ்டீம் டெக்குங்கற கையில புடிச்சி ஆடற கேம் மெஷின் 2022ல வந்தப்ப அதோட பயாஸ்ல யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர், அதாவது கிராபிக்ஸுக்கு ஒதுக்கற பங்கு, 1 ஜிபின்னு இருக்கும், அத 4 ஜிபி ஆக்குங்கன்னு ஒரு டிப்ஸ் ரொம்ப பரவிச்சி. ஆனா ஸ்டீம் டெக்ல இருக்கறது 16 ஜிபி, அதுவும் எல்பிடிடிஆர்5ங்கற வேகமான ரேம், அகலமான பஸ், பேண்ட்வித், அதாவது டேட்டா போயி வர்ற வேகம், 88 ஜிபி பர் செகண்ட். அங்க 4 ஜிபி எடுத்தாலும் மூச்சு முட்டாது. அதே டிப்ஸ அப்படியே ஒத்த ரேம் குச்சியில 8 ஜிபி போட்ட லாப்டாப்புக்கு சொன்னா எப்படி சரியா வரும்.

அப்ப ஏத்தவே கூடாதான்னா, அப்படியும் இல்ல. ஏத்தறதுக்கு நியாயமான காரணம் ஒண்ணு இருக்கு. சில கேம்கள் ஆரம்பிக்கும்போது டெடிகேட்டட் நம்பர மட்டும் பாக்கும், ஷேர்ட கணக்குலயே எடுக்காது, போதலன்னா ஓட மாட்டேன்னு சொல்லிடும், இல்லன்னா டெக்ஸ்சர, அதாவது உருவங்க மேல ஒட்டற படத்த, தானா ரொம்ப கீழ இறக்கி வச்சி முகமெல்லாம் களிமண்ணு மாதிரி ஆக்கிடும். அந்த மாதிரி கேமுக்கு 1 ஜிபியோ 2 ஜிபியோ ஆக்கறது உதவும். 16 ஜிபி ரேம் இருந்தா 2 ஜிபி தாராளமா குடுக்கலாம், கேம் கேட்டா 4 கூட குடுக்கலாம். 8 ஜிபின்னா என்னோட கருத்து, ஆட்டோல விடுங்க, கேம் தொறக்கவே மாட்டேங்குதுன்னா மட்டும் 1 ஜிபி, அதுக்கு மேல போக வேணாம். என் தம்பி ஆசப்பட்ட ஜிடிஏ 5ல பயாஸ தொடாமலே ஒரு வழி இருக்கு, கிராபிக்ஸ் செட்டிங்ஸ்ல வீடியோ மெமரி பட்டை சிவப்பாயி எதையும் மாத்த விடலன்னா, இக்னோர் சஜஸ்டட் லிமிட்ஸ்னு மேலயே ஒரு ஆப்ஷன் இருக்கும், அத ஆன் பண்ணிட்டா நீங்க கேக்கறத வைக்க விடும்.

பயாஸ்ல போறவங்க ரெண்டு விஷயத்த முன்னாடியே பாத்துக்கணும், இத அந்த வீடியோக்கள்ல பாதி சொல்லவே மாட்டேங்குது, எனக்கு உண்மையிலேயே கோவம் வருது. ஒண்ணு பிட்லாக்கர். இப்ப வர்ற நெறைய லாப்டாப்ல டிஸ்க் என்க்ரிப்ஷன் தானாவே ஆன்ல இருக்கு, பயாஸ்ல எதாவது மாத்தினா அடுத்த தடவ ஆன் பண்ணும்போது 48 இலக்க ரெகவரி கீ கேக்க வாய்ப்பு இருக்கு. அது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சேமிச்சி இருக்கும், ஆனா எந்த ஈமெயில்ல செட்டப் பண்ணாங்கன்னே தெரியாத பிள்ளைங்க எத்தன பேரு, கடையில செட்டப் பண்ணி குடுத்திருப்பாங்க, இல்ல அப்பாவோட ஈமெயிலா இருக்கும். மொதல்ல அந்த கீய எடுத்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சிட்டு அப்பறம் பயாஸுக்கு போங்க. ரெண்டாவது, வேலொரன்ட் கேம் ஆடறவங்க. விண்டோஸ் 11ல அதுக்கு செக்யூர் பூட், டிபிஎம் 2.0ங்கற ரெண்டு பாதுகாப்பு செட்டிங்கும் ஆன்ல இருக்கணும். பயாஸ்ல குழம்பிப் போயி லோட் டிஃபால்ட்ஸ் அமுக்கி, செக்யூர் பூட் ஆஃப் ஆயிட்டா, கேம் தொறக்காது. மாத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ புடிச்சி வச்சிக்குங்க.

போற வழி, ஏசர் அசுஸ் டெல் லெனோவோ எல்லாத்துக்கும் பெரும்பாலும் ஆன் பண்ணும்போது எஃப்2, எச்பிக்கு எஃப்10. கீ வேல செய்யலன்னா செட்டிங்ஸ்ல சிஸ்டம், ரெகவரி, அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்அப்னு போயி யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ எடுங்க. உள்ள போயி ஏஎம்டின்னா யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ்னு தேடுங்க, இன்டெல்ன்னா டிவிஎம்டி ப்ரீ அலொகேட்டட்னு இருக்கும். இருந்தா அதிர்ஷ்டம். நெறைய லாப்டாப்ல கம்பெனிக்காரங்க இந்த ஆப்ஷன மறைச்சிதான் வச்சிருப்பாங்க. மறைச்சத தொறக்க சில டூல் இருக்கு, யூஎஸ்பில போட்டு பூட் பண்ணி உள்ள எல்லா செட்டிங்கையும் காட்டும். தயவு செஞ்சி வேணாம். அதுல தப்பா ஒரு வரிய மாத்தினா லாப்டாப் ஆனே ஆகாம போயிடலாம், அப்பறம் பயாஸ் சிப்ப கழட்டி திரும்ப எழுதற கடைய தேடி அலையணும், அம்மா அப்பா மாசா மாசம் தவணை கட்டற லாப்டாப்ல இந்தச் சோதனை எதுக்கு.

இன்னொரு வித்தையும் சுத்துது. இன்டெல் லாப்டாப்ல ரெஜிஸ்ட்ரிக்குள்ள போயி இன்டெல்னு இருக்கறதுக்கு கீழ ஜிஎம்எம்னு ஒரு கீ உண்டாக்கி, டெடிகேட்டட் செக்மென்ட் சைஸ்னு ஒரு மதிப்புல 512ன்னு போடச் சொல்லுவாங்க. போட்டா நெஜமாவே 512 எம்பின்னு காட்டும். ஆனா ஒரு எம்பி கூட புதுசா ஒதுக்கப்படல, வெளிய சொல்ற நம்பர் மட்டும்தான் மாறுது. நம்பர மட்டும் பாத்துட்டு தொறக்க மாட்டேன்னு சொல்ற கேம ஏமாத்தி தொறக்க வைக்க இது உதவலாம். எஃப்பிஎஸ் ஏறும்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

சரி, எது நெஜமாவே வேகத்த மாத்தும்? ரெண்டாவது ரேம் குச்சி. நான் இந்த போஸ்ட் எழுதறதே இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

ஐஜிபியுக்கு பெரும்பாலும் தட்டுப்பாடு இடத்துல இல்ல, அந்த இடத்துக்கு போயி வர்ற வழியில. டிடிஆர்4 3200ங்கற ரேம் வகையில ஒரு குச்சி போட்டா ஒரு செகண்டுக்கு 25.6 ஜிபிதான் போக வர முடியும், அதையும் சிபியுவோட பங்கு போட்டுக்கணும். ரெண்டு குச்சி போட்டு டூயல் சேனல், அதாவது ஒரே நேரத்துல ரெண்டு வழி, ஆயிட்டா 51.2. ஒப்பிட்டு பாக்கணும்னா 2019ல வந்த ஜிடிஎக்ஸ் 1650ங்கற தனி கிராபிக்ஸ் கார்டு, அது ஒண்ணும் பெரிய கார்டு இல்ல, அதுக்கே 128 ஜிபி பர் செகண்ட், அதுவும் முழுசா தனக்கே. சாயங்காலம் ஆறு மணிக்கு பினாங்கு பாலத்துல மாட்டிக்கிட்டவங்களுக்கு சொன்னா புரியும், பிறை பக்கம் கார் பார்க்க எவ்ளோ பெருசா கட்டினாலும் பாலத்துல ஜாம் கொறையாது, லேன் கூடணும் இல்லன்னா இன்னொரு பாலம் வேணும். பயாஸ்ல விரேம் ஏத்தறது கார் பார்க்க பெருசாக்கற வேல.

இன்டெல்ல இது இன்னும் வெளிப்படையா தெரியும். 11வது ஜெனரேஷன் கோர் ஐ5 லாப்டாப் வாங்கி, பெட்டியில ஐரிஸ் எக்ஸ்இன்னு ஸ்டிக்கர் இருக்கும், டிவைஸ் மேனேஜர்ல பாத்தா வெறும் யூஎச்டி கிராபிக்ஸ்னு காட்டும். ஏமாத்திட்டாங்கன்னு நெனைக்காதீங்க, ஒத்த குச்சி ரேம் இருந்தா அது அப்படித்தான் காட்டும், ரெண்டாவது குச்சிய போட்டு டூயல் சேனல் ஆனதும் அதே சிப்பு ஐரிஸ் எக்ஸ்இன்னு பேர மாத்திக்கும். கம்பெனியே ஒத்த சேனல்ல அந்தப் பேர குடுக்க மாட்டேங்குது, அதுலயே தெரியுது வித்தியாசம் எவ்ளோன்னு.

உங்க லாப்டாப்ல எத்தன குச்சின்னு பாக்க டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல ஸ்லாட்ஸ் யூஸ்டுன்னு இருக்கும், 1 ஆஃப் 2ன்னா ஒரு இடம் காலியா இருக்க வாய்ப்பு. ஃபார்ம் ஃபேக்டர் எஸ்ஓடிம்முன்னா கழட்டி மாட்டற குச்சி, ரோ ஆஃப் சிப்ஸ்னு இருந்தா போர்டுலயே சால்டர் பண்ணது. ஆனா சால்டர் பண்ண சில மாடல்ல அந்த ஸ்லாட் நம்பர் தப்பா காட்டும், அதனால மாடல் பேர போட்டு மேனுவல்ல ஒரு தடவ பாத்துட்டுதான் கடைக்கு போகணும். சிபியு இசட்ங்கற சாஃப்ட்வேர்ல பாக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, டிடிஆர்5ல ஒரே குச்சி போட்டாலும் 2 இன்டு 32 பிட்டுன்னு காட்டும், அத பாத்துட்டு டூயல் சேனல்தான் இருக்குன்னு நெனைச்சிடாதீங்க, ரெண்டு குச்சி போட்டா 4 இன்டு 32 பிட்டுன்னு வரணும்.

வாங்கும்போது டிடிஆர்4 லாப்டாப்புக்கு டிடிஆர்4, 5க்கு 5, ஒண்ணுக்கு ஒண்ணு மாட்டாது, வெட்டு இருக்கற இடமே வேற. ஸ்பீட் வேற வேறயா இருந்தா ரெண்டும் மெதுவான குச்சியோட வேகத்துக்கு இறங்கிடும், 3200 இருக்கற லாப்டாப்புக்கு 2666 குச்சி மலிவா கெடைக்குதுன்னு போட்டுடாதீங்க. 4 ஜிபி சால்டர் பண்ணி ஒரு ஸ்லாட் இருக்கற மாடலும் நெறைய இருக்கு, அதுல 8 ஜிபி குச்சி போட்டா மொத்தம் 12, அதுல 8 ஜிபி வரைக்கும் டூயல் சேனலா ஓடும், மிச்சம் 4 ஒத்த சேனல். பரவாயில்ல, எங்கிட்ட கேட்டா அத தாராளமா செய்யலாம். 2025 கடைசியில ரேம் வில எகிறினதுல இருந்து புது குச்சிக்கு குடுக்கற ரிங்கிட்ட நெனைச்சா மனசு கஷ்டமாத்தான் இருக்கு, அதனால செகண்ட் ஹேண்டும் பாருங்க, கொம்தார் பக்கத்துல உள்ள கடைகள்ல பழைய லாப்டாப்ல இருந்து எடுத்த குச்சி வச்சிருப்பாங்க, மாட்டி ஆன் பண்ணி காட்டச் சொல்லி, மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டி பாத்துட்டு வாங்குங்க. ரேம் சீக்கிரமா கெட்டுப் போற சாமான் இல்ல, வேல செஞ்சா வருஷக்கணக்கா செய்யும். வாரன்டி இன்னும் இருந்தா பின்னாடி மூடிய தொறக்கலாமான்னு வாங்குன கடையில கேட்டுட்டு தொறங்க.

காசு இப்ப இல்ல, இருக்கறத வச்சிதான் ஆடணும்னா அதுக்கும் வழி இருக்கு, அதுவும் பயாஸ்ல இல்ல. 1920க்கு 1080ங்கறது இருபது லட்சத்து சொச்சம் பிக்சல், 1280க்கு 720 ஒன்பது லட்சத்து சொச்சம், அதாவது ரெண்டே கால் மடங்கு கம்மி வேல. ஐஜிபியுக்கு இத விட பெரிய உதவி கெடையாது. கேம்ல எஃப்எஸ்ஆர், அதாவது சின்னதா வரைஞ்ச படத்த பெருசாக்கி காட்டற ஆப்ஷன், இருந்தா அத ஆன் பண்ணுங்க, படம் கொஞ்சம் தெளிவா வரும். டெக்ஸ்சர், ஷேடோ ரெண்டையும் மொதல்ல கொறைங்க, அதுங்கதான் மெமரிய தின்னும். ப்ரௌசர மூடுங்க, டிஸ்கார்ட்ல ஹார்ட்வேர் ஆக்சலரேஷன ஆஃப் பண்ணுங்க, அதுங்களும் அதே ஐஜிபியு மெமரியில இருந்துதான் எடுக்குதுங்க. சார்ஜர் போட்டு ஆடுங்க. 5500யூ மாதிரி சிப்பு 15 வாட்ல ஓட வடிவமைச்சது, அந்த 15 வாட்ட சிபியுவும் ஐஜிபியுவும் பங்கு போட்டுக்கணும், அதனால எஃப்பிஎஸ்ஸ 40லயோ 60லயோ கட்டி வச்சா சிபியு வீணா ஓடாது, மிச்ச வாட்டு ஐஜிபியுக்கு போகும், சூடும் கொறையும். நம்ம ஊரு வெக்கைக்கு மெத்தை மேல வச்சி ஆடவே ஆடாதீங்க, அடியில காத்து போற ஓட்டைய அடைச்சிட்டா எந்த செட்டிங்கும் காப்பாத்தாது.

இதுல ஒண்ணு சொல்லணும். இன்டெலும் ஏஎம்டியும் பினாங்குல பாயான் லெப்பாஸ்ல தொழிற்சாலை தொடங்கினது 1972ல. அந்த காலத்துல இருந்து இந்தத் தீவுல சிப்பு வேலைக்கு போன நம்ம அம்மாங்க, அத்தைங்க, அக்காங்க எவ்ளோ பேரு, ஷிஃப்ட்டு முடிஞ்சி ஃபேக்டரி பஸ்ல விடியற்காலையில வந்து இறங்குனவங்க. அவங்க வீட்டுப் பிள்ளைங்க அந்த சிப்பு என்ன செய்யுது, எதால வேகமாகுதுன்னு சரியா தெரிஞ்சி வச்சிக்கணும்னு எனக்கு ஆச.

என் தம்பி லாப்டாப்ல ஒரு ஸ்லாட் காலியா இருந்துச்சி. பழைய 8 ஜிபி குச்சி ஒண்ணு போட்டோம், யூஎம்ஏவ ஆட்டோலயே விட்டாச்சி, 720ல ஆடறான், முன்ன அடிச்சிக்கிட்டு இருந்த திக்கல் இல்ல. 2 ஜிபி ஆக்கவான்னு இன்னும் ஒரு தடவ கேட்டான், இப்ப 16 ஜிபி இருக்கறதால ஆசப்பட்டா ஆக்கிக்கோடான்னு சொல்லிட்டேன், இனிமே அதனால நஷ்டம் இல்ல.

புது லாப்டாப் வாங்கப் போறவங்களுக்கு கத கொஞ்சம் மாறியிருக்கு. ரைசன் ஏஐ 300 வரிசையில 2024ல இருந்து வேரியபிள் கிராபிக்ஸ் மெமரின்னு ஒண்ணு ஏஎம்டியோட அட்ரினலின் சாஃப்ட்வேர்லயே இருக்கு, பயாஸுக்கு போகாமலே மாத்தலாம், ரீஸ்டார்ட் மட்டும் பண்ணணும். இன்டெலும் 2025ல கோர் அல்ட்ரா லாப்டாப்புக்கு ஷேர்ட் மெமரி எல்லைய நகத்தற ஸ்லைடர ட்ரைவரோட குடுத்துடுச்சி. ரெண்டும் பெரிய ஏஐ மாடல லாப்டாப்லயே ஓட்டறவங்களுக்குத்தான் அதிகம் உதவும், ஆனா ஏஎம்டியோடது நம்பர பாத்து அடம் புடிக்கற கேமுக்கும் ஆகும். அதே நேரத்துல புது மெல்லிசு லாப்டாப்ல ரேம் சால்டர் பண்ணியே வருது, பின்னாடி ஒரு குச்சி சேக்கறதுங்கற வழியே அதுல இல்ல. எல்பிடிடிஆர்5 வேகமா இருக்கும், உண்மைதான், ஆனா 8 ஜிபின்னா கடைசி வரைக்கும் 8 ஜிபிதான். அதனால காலேஜ் போற பிள்ளைக்கு வாங்கப் போகும்போது சேல்ஸ்மேன்கிட்ட ப்ராசசர் பேர கேக்கறதுக்கு முன்னாடியே, ரேம் சால்டரா ஸ்லாட்டா, எத்தன ஸ்லாட், இப்ப எத்தன குச்சி இருக்குன்னு கேளுங்க. சால்டர்னு சொன்னா 16 ஜிபிக்கு கீழ வாங்காதீங்க.